பாலாற்றங்கரையில் ஒரு சொத்தைப் பல்

வட தமிழகத்தில் 2022-23 வாக்கில் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் ஓர் அரிய பாக்டீரியத் தொற்று கண்டறியப்பட்டது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனைக்குப் போய்வந்தவர்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் பிழைக்கவில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும், ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தாரும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து துருவியபோது ஊசியிலோ பல்லைக் குடையும் ட்ரில்லிலோ குற்றம் இல்லை என்று தெரிந்தது. குற்றம் ஒரு சலைன் பாட்டிலில் இருந்தது. ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். திறந்ததைச் சரியாக மூடாமல் வைத்திருந்து, அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி அந்தச் சலைனில் இருந்தது. ரங்கூனில் 1911 வாக்கில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இனங்கண்ட கிருமி அது. மருத்துவ வரலாறு முதலாமவர் பெயரை மட்டும் நோய்க்குச் சூட்டிவிட்டு இரண்டாமவரை அடிக்குறிப்பில் விட்டுவிட்டது.

‘லான்செட்’ குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் இந்த ஆய்வு வெளிவந்து, 2025 மே மாதம் செய்தித்தாள்களில் அடிபட்டபோது, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் வட்டாரத்தில் ஏற்கெனவே பல் டாக்டர் என்றால் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இன்னொரு காரணம் கிடைத்தது. பயப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயம் தப்பான பொருளின் மேல் விழுந்திருக்கிறது என்பது என் கருத்து. பல் அடைக்கப் போகிறவர் ஊசியையும் ட்ரில் சத்தத்தையும் நினைத்து நடுங்குகிறார். அவை இரண்டும் இன்று பெரும்பாலும் தீர்ந்துபோன பிரச்சினைகள். அவர் கவனிக்க வேண்டிய விஷயங்கள் வேறு இரண்டு: எத்தனை தாமதமாகப் போகிறோம், அந்த அறையில் தண்ணீரும் கருவியும் எப்படிக் கையாளப்படுகின்றன.

முதலில் தாமதம். பல்லின் வெளி ஓடான எனாமலில் நரம்பு கிடையாது. வாயில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலம் சுரக்கின்றன. பல்லின் மேல் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் எனாமலிலிருந்து கால்சியம் கரைந்து வெளியேறுகிறது. உமிழ்நீர் அதை மெல்ல ஈடுகட்டும். ஈடுகட்ட நேரம் கொடுக்காமல் மணிக்கொரு டீ, இடையில் பிஸ்கட், மாலையில் ஆற்காடு மக்கன் பேடா என்று போனால் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்கிறது. இனிப்பை எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பது முக்கியம். எனாமல் கரையும் காலம் முழுவதும் வலி இருக்காது. அதற்கடுத்த டென்டினை எட்டியதும் குளிர்ந்த தண்ணீரில் கூச்சம் வரும். பல்லின் நடுவிலுள்ள கூழை, அதாவது ரத்தக் குழாயும் நரம்பும் உள்ள பகுதியை நெருங்கும்போதுதான் ராத்திரியில் தானாக வலி எழும்.

இதில் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. கூழ் செத்துவிட்டால் வலி நின்றுவிடும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரையோ பஞ்சில் நனைத்து வைத்த கிராம்பு எண்ணெயோ குணப்படுத்திவிட்டதாக நம்பி வேலைக்குப் போய்விடுவார்கள். கிராம்பில் உள்ள யூஜெனால் நிஜமாகவே வலியை மட்டுப்படுத்தும். பல் டாக்டர்களே தற்காலிக அடைப்பில் அதைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வலி நிற்பதும் சொத்தை நிற்பதும் ஒன்றல்ல. சில மாதம் கழித்துத் தாடை வீங்கி வரும்போது அடைப்புக்கான நேரம் போயிருக்கும். ரூட் கேனல் அல்லது பிடுங்குவது என்று இரண்டே வழி மிஞ்சும்.

கிராமங்களில் இன்னும் ‘பல் புழு’ எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்டங்கத்திரி விதைப் புகையை வாய்க்குள் விட்டு, தட்டில் விழுந்ததைக் காட்டிப் புழு என்பார்கள். இந்த நம்பிக்கை பாபிலோனியக் களிமண் பலகைகளிலேயே உண்டு. 1728இல் பாரிஸில் பியர் ஃபோஷார் தன் நூலில் பல்லுக்குள் புழுவைத் தேடியும் காணவில்லை என்று எழுதினார். 1890இல் வில்லோபி மில்லர், அமிலத்தைச் சுரக்கும் கிருமிகளே காரணம் என்று விளக்கினார். அதற்குப் பிறகும் புழு சாகவில்லை. பல் பிடுங்கினால் பார்வை போகும் என்பதும் அதே வகை. மேல் பல்லின் நரம்புக்கும் கண் நரம்புக்கும் பார்வையைப் பொறுத்துத் தொடர்பு எதுவும் இல்லை.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு சந்தேகமும் உண்டு: “ஷாப்புத் தண்ணியாலதான் பல்லு இப்படி ஆச்சு.” தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டது நீதிமன்றத்தில் நிரூபணமான உண்மை. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. ஆனால் அந்தத் தண்ணீரில் உள்ள உப்பும் குரோமியமும் பல் சொத்தைக்குக் காரணம் அல்ல. சொத்தைக்குச் சர்க்கரையும் கிருமியும் வேண்டும். முன்பல்லில் காணும் பழுப்புத் திட்டும் வெள்ளைக் கோடும் வேறு கதை. அவை பாறையிலிருந்து கிணற்று நீரில் கரைந்த ஃபுளோரைடால் வருபவை. தருமபுரி, கிருஷ்ணகிரியில் இது கடுமை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. திருப்பத்தூர்ப் பக்கக் கிணறுகள் சிலவற்றிலும் ஃபுளோரைடு கூடுதல். இந்தியத் தரக் கணக்கில் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. குறைந்த அளவில் பல்லைக் காக்கும் அதே ஃபுளோரைடு, பல் உருவாகும் பருவத்தில் அளவு மீறினால் கறையாகிறது. அப்படிக் கறை படிந்த எனாமல் அமிலத்துக்கு எளிதில் அசையாது என்பதால், வெள்ளை அடைப்பை ஒட்டவைக்க அமிலம் பூசும்போது டாக்டர் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ள நேரும். ‘சின்ன வயசுல எந்த ஊர்த் தண்ணி குடிச்சே?’ என்று கேட்டால் அது வெட்டிப் பேச்சல்ல.

தொழிலையும் சொல்லிவிடுவது நல்லது. பேட்டரி, கால்வனைசிங் தொழிற்சாலைகளில் அமில ஆவியில் நிற்பவர்களின் முன்பல் தேய்வது நெடுங்காலமாகப் பதிவாகியுள்ளது. தோல் ஷாப்பில் தோலை அமிலக் கரைசலில் ஊறவைக்கும், ‘பிக்கிள்’ போடும் இடத்தில் கந்தக அமிலமும் ஃபார்மிக் அமிலமும் புழங்குகின்றன. அங்கே நிற்கிறவரின் பல் தேய்மானத்தைச் சொத்தை என்று மட்டும் பார்த்து அடைத்தால் அடைப்பின் விளிம்பில் மறுபடி தேயும்.

இனி நாற்காலி. டாக்டர் முதலில் கண்ணாடியும் கூர்முனைக் கருவியும் கொண்டு பார்ப்பார். குளிர்ச்சி வைத்தும் தட்டியும் பார்ப்பார். பெரும்பாலும் ஒரு சிறிய எக்ஸ்ரே எடுப்பார். இரு பற்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் சொத்தை கண்ணுக்குத் தெரியாது என்பதால் இந்த எக்ஸ்ரேயை வீண் செலவு என்று தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டத்தில்தான் நம் பங்கு இருக்கிறது. சர்க்கரை நோய், இதய வால்வு கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம், ஏதேனும் மருந்து ஒவ்வாமை, இவற்றைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றில் போகக் கூடாது. வழக்கமான மாத்திரையும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு போகலாம். ரத்த மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டுப் போவது அடைப்பைவிடப் பெரிய ஆபத்து.

சொத்தை மேலோட்டமாக இருந்தால் ஊசியே தேவைப்படாது. ஆழமாக இருந்தால் லிக்னோகைன் ஊசி. போடும் முன் ஈறில் மரக்கவைக்கும் ஜெல் தடவச் சொல்லிக் கேட்கலாம். ஊசி மருந்தோடு சேர்ந்த அட்ரினலின் காரணமாகச் சிலருக்கு ஒரு நிமிடம் நெஞ்சு படபடக்கும், தானாக அடங்கும். உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். அந்த நேரத்தில் சூடான டீயும், மென்று தின்பதும் வேண்டாம். குழந்தைகள் மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். வீட்டுக்குப் போனபின் அவர்கள்மேல் ஒரு கண் வைக்க வேண்டும்.

பிறகு ட்ரில். சத்தமும் அதிர்வும் இருக்கும், தண்ணீர் பீய்ச்சும், உறிஞ்சும் குழாய் கொரகொரக்கும். கூரிய வலி இருக்கக் கூடாது. இருந்தால் இடது கையைத் தூக்குவதாக முன்பே பேசிவைத்துக்கொள்ளலாம். நல்ல டாக்டர் நிறுத்துவார், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார். ஒரு காலத்தில் சொத்தை துளியும் மிச்சமில்லாமல் சுரண்டுவதே திறமை எனப்பட்டது. கூழுக்கு மிக அருகில் மெத்தென்ற டென்டினைக் கொஞ்சம் விட்டுவைத்து, மேலே கசிவில்லாமல் மூடிவிட்டால் உள்ளே சிக்கிய கிருமி உணவின்றி ஒடுங்கும், கூழும் பிழைக்கும் என்பது இன்றைய ஒருமித்த கருத்து. சர்வதேச நிபுணர் குழு ஒன்று 2016இல் இதையே பரிந்துரைத்தது. ஆகவே “கொஞ்சம் விட்டு அடைச்சிருக்கேன்” என்று டாக்டர் சொன்னால் அரைகுறை வேலை என்று எண்ண வேண்டாம்.

அடைப்புப் பொருளில்தான் நம்மிடம் பழைய பெயர்கள் குழப்புகின்றன. ‘வெள்ளி அடைப்பு’ என்பதில் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. நூறாண்டுக்கு மேல் கடைவாய்ப் பல்லில் அடி வாங்கித் தாங்கிய பொருள் அது. வாயில் ஏற்கெனவே இருப்பதை, உடையாமல் இருந்தால், பயந்து தோண்டி எடுக்க வேண்டாம். தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம். ஆனால் அதன் காலம் முடிகிறது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018இல் சேர்ந்தது. 15 வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதைத் தவிர்க்க 2022இல் நாடுகள் ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்தில் பொதுப் பயன்பாட்டை நிறுத்தியது. 2034க்குள் உலகெங்கும் கைவிட 2025 நவம்பரில் ஜெனிவாவில் முடிவாயிற்று.

வெள்ளை அடைப்பு எனப்படும் காம்போசிட், பிசினும் கண்ணாடித் துகளும் கலந்த பசை. அது பல்லில் ஒட்டும் விதம் ஆம்பூர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் முன் ஷூவின் மேல்பகுதியான ‘அப்பரை’ச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, ப்ரைமர் தடவி, பசை பூசி, சூடுகாட்டி அழுத்துகிறார்களே, அதே வரிசை. இங்கே சுரண்டுவதற்குப் பதில் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம். 1955இல் மைக்கேல் போனகோர் கண்ட வழி. சூட்டுக்குப் பதில் நீல ஒளி. ஈரமோ எண்ணெயோ பட்ட சோல் பிரிந்து வருவதுபோல, எச்சில் பட்ட காம்போசிட்டும் பிரியும். எனவே பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டுகிற அல்லது பஞ்சை மாற்றிக்கொண்டே இருக்கிற டாக்டரின் பிடிவாதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்துப் பல்லோடு சேரும் இடத்தில் மெல்லிய தகடும் ஆப்பும் செருகுவார்கள். ஈறு கொஞ்சம் வலிக்கும்.

மக்கள் ‘சிமென்ட்’ என்பது பெரும்பாலும் கிளாஸ் அயனோமர். லண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் 1970களின் தொடக்கத்தில் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. காம்போசிட் அளவு அழகில்லை, கடினமில்லை. ஆனால் பல்லோடு வேதியியல் முறையில் தானே ஒட்டும், கொஞ்சம் ஈரத்தைப் பொறுக்கும், ஃபுளோரைடைச் சிறிது சிறிதாக விடும். இதைப் பற்றிக் கடைசியில் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முடிந்ததும் நீலத் தாளைக் கடிக்கச் சொல்வார்கள். மரத்த வாயில் சரியாகக் கடிக்கத் தெரியாது. எனவே மறுநாள் ‘பல்லு உசரமா இருக்கு, கடிச்சா சுருக்குங்குது’ என்று தோன்றினால் பழகிவிடும் என்று விட்டுவிடாமல் திரும்பப் போக வேண்டும். இரண்டு நிமிட வேலை. குளிரில் லேசான கூச்சம் சில நாள் முதல் இரண்டு வாரம்வரை இருக்கலாம். நாளாக ஆக அது குறைய வேண்டும். கூடினால், சூட்டில் எழுந்த வலி நெடுநேரம் நின்றால், தூக்கத்தைக் கெடுத்தால் கூழ் தோற்றுவிட்டது என்று பொருள். இது பல நேரம் டாக்டரின் தவறாக இருப்பதில்லை, சொத்தையின் ஆழம். ஆனால் ரூட் கேனல் தேவைப்படலாம் என்று அடைக்கும் முன்பே சொல்லியிருந்தால் மனத்தாங்கல் வராது.

நோன்பு மாதத்தில் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பலர், சிகிச்சை நோன்பை முறித்துவிடுமோ என்று வலியோடு பெருநாள்வரை காத்திருக்கிறார்கள். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, எதையும் விழுங்காத வரையில் பல்லைக் குடைவதும் பிடுங்குவதும் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. தம் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொண்டு இப்தாருக்குப் பின் போகிறவர்களும் உண்டு. மிஸ்வாக் குச்சி துலக்குவது நல்ல பழக்கம்தான். உலக சுகாதார நிறுவனமே 1986இல் ஊக்குவித்தது. ஆனால் விழுந்துவிட்ட குழியை எந்தக் குச்சியும் மூடாது.

இப்போது அந்தச் சலைன் பாட்டிலுக்கு வருவோம். சாதாரண அடைப்பில் ஈறை அறுப்பதில்லை, எலும்பைத் தொடுவதில்லை. ஆகவே வாணியம்பாடியில் நடந்தது அப்படியே நிகழும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆயினும் ட்ரில்லிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். நாற்காலிக்குள் ஓடும் மெல்லிய குழாய்களில் இரவெல்லாம் நீர் தேங்கி, உட்சுவரில் கிருமிப் படலம் வளரும். அமெரிக்காவில் ஜார்ஜியாவில் 2015இலும் கலிஃபோர்னியாவில் 2016இலும் பால் பல்லின் கூழுக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கு இந்தக் குழாய்த் தண்ணீரால் தொற்று வந்து, தாடை எலும்புவரை போயிற்று. வசதி குறைந்த ஊரில் மட்டும் நடப்பது என்று இதை ஒதுக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். அந்நாட்டு நோய்த் தடுப்பு மையத்தின் வரம்பு, சாதாரண சிகிச்சை நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 கிருமிக்கு மேல் கூடாது என்பது. அறுவைக்கு முத்திரை உடைக்காத சலைன் மட்டுமே. மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

நோயாளி ஆய்வகம் வைத்துச் சோதிக்க முடியாது. கண்ணால் பார்க்கக்கூடியவை சில. கருவிகள் ஒட்டிய காகித உறையிலிருந்து நம் முன்னால் பிரிக்கப்படுகின்றனவா, உறையின் ஓரத்துக் குறி நிறம் மாறியிருக்கிறதா? ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் கால் மணி நேரமோ 134 டிகிரியில் சில நிமிடமோ வெந்து வந்ததன் அடையாளம் அது. கொதிநீரில் முக்குவதும் ஸ்பிரிட் துடைப்பதும் அதற்கு ஈடல்ல. ட்ரில்லின் தலைப் பகுதியும் ஒவ்வொருவருக்கும் மாற்றப்பட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். ஊசியும் மருந்துக் குப்பியும் புதிதா? முந்தியவர் வாயில் இருந்த கையுறையோடு மேசை இழுப்பறையைத் திறக்கிறாரா? சுவரில் தமிழ்நாடு பல் மருத்துவ மன்றப் பதிவு எண் இருக்கிறதா? இதையெல்லாம் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் நம் ஊரில் அதிகம். நேர்மையான டாக்டருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். அவர் அந்த உறைக்கும் இயந்திரத்துக்கும் பணம் செலவழித்திருக்கிறார். வெகு மலிவாக அடைக்கிற இடத்தில் எந்தச் செலவைக் குறைத்திருப்பார்கள் என்று யோசிப்பதும் நியாயம்.

பணம் என்றதும் ஈ.எஸ்.ஐ. காப்பீடு நினைவுக்கு வருகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஷூ கம்பெனித் தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். குடும்பத்துக்கும் சேர்த்துப் புறநோயாளி சிகிச்சை அதில் உண்டு. அட்டை பையில் இருக்கிறது, நேரம்தான் இல்லை. கம்பெனி பஸ் விடியலில் ஏற்றிக்கொண்டு போய் இருட்டும் நேரத்தில் இறக்கிவிடுகிறது. ஈ.எஸ்.ஐ. மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தில் அவர் லைனில் நிற்கிறார். வலியில்லாத பல்லுக்காக ஒரு நாள் கூலியை யார் விடுவார்கள்? நாடு தழுவிய 2002-03 வாய்நலக் கணக்கெடுப்பில் 12 வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேலும், 35 முதல் 44 வயதுக்காரர்களில் ஐந்தில் நால்வருக்கும் சொத்தை இருந்தது. அந்த இரு வயதுகளுக்கும் இடையில் அடைத்திருக்க வேண்டிய பற்கள்தாம் பின்னால் பிடுங்கப்படுகின்றன. அறியாமை என்று இதற்குப் பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

கிளாஸ் அயனோமர் இங்கே உதவும். 1980களின் நடுவில் தான்சானியாவில் யோ ஃப்ரெங்கன் என்ற டச்சுப் பல் மருத்துவர், மின்சாரமும் ட்ரில்லும் இல்லாத இடத்தில் கைக்கருவியால் மெத்தென்ற சொத்தையை மட்டும் சுரண்டி, இந்தச் சிமென்டை விரலால் அழுத்தி அடைக்கும் முறையை வகுத்தார். பெரும்பாலும் ஊசி வேண்டாம். தண்ணீர்க் குழாய் கிடையாது, எனவே குழாய்க் கிருமியும் கிடையாது. ஒரு பரப்பில் மட்டும் உள்ள சிறு குழியில் நன்றாகவே நிற்கிறது. இரு பல்லுக்கு இடையிலான பெரிய குழியில் அவ்வளவு நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கிளாஸ் அயனோமரைச் சேர்த்தது.

500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை ஒன்று இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. ஆம்பூர், துத்திப்பட்டு, ராணிப்பேட்டையின் பெரிய கம்பெனிகளில் கட்டில், நர்ஸ், முதலுதவிப் பெட்டி உண்டு. மாதம் இரண்டு நாள் ஒரு பல் மருத்துவர், ஆட்டோகிளேவில் வெந்த கைக்கருவிப் பொட்டலங்களோடு அங்கே உட்கார்ந்தால், ஒரு சின்னக் குழிக்கு சாப்பாட்டு இடைவேளை போதும். ஈ.எஸ்.ஐ. கழகம் தன் மருத்துவரை அனுப்பலாம். ஏற்றுமதி ஆர்டருக்கு வரும் வெளிநாட்டு வாங்குவோர் தீயணைப்பானையும் கழிப்பறையையும் எண்ணிப் பார்ப்பதுபோல் இதையும் கேட்கலாம். அதே வளாகத்துக் குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகளையும், ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லுக்காகத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் சனிக்கிழமையில் வரவழைத்தால், அந்தப் பல்லின் பள்ளங்களைச் சொத்தை விழுமுன்னே இதே சிமென்டால் மூடிவிட முடியும்.